மூன்று புள்ளி ஒன்பது நான்கு

வால்டிவியாவில் ஆகஸ்டு மழை
பக்கவாட்டில் பெய்யும்.
குடை பிடிப்பவர்கள் வெளியூர்க்காரர்கள்.
இரண்டாம் பருவத்தின் முதல் நாள்
அதே அறை, அதே கரும்பலகை,
கீழ் மூலையில் போன வருடத்துக் கீறல்கூட அப்படியே.

எங்கள் நாட்டில் நான்கு எடுத்தால் தேர்ச்சி.
3.95 என்றால் நான்காக முழுமையாக்கித் தருவார்கள்.
எனக்கு 3.94.
எல்லையை நெருங்கிக்கொண்டே இருந்தால் போதும்,
தொட்டாக வேண்டியதில்லை என்று
வருடம் முழுக்கச் சொல்லிக்கொடுத்த துறைதான்
முத்திரை குத்தி அனுப்பியது அந்தத் தாளை.

காலை ஐந்தரைக்கு ஆற்றோர மீன் சந்தை.
எலியேசர் வெட்டுவார், நான் நிறுப்பேன்.
கத்தி இறங்க இறங்க
சியெர்ரா மீன் வட்டு வட்டாய் விழும்;
ஒவ்வொரு வட்டுக்கும் ஒரு பரப்பு, ஒரு தடிமன்.
கூட்டினால் கன அளவு வரும் என்கிறது புத்தகம்.
கூட்டிப் பார்த்திருக்கிறேன்.
தலை கணக்கில் வராது.
தலையும் குடலும் பின்பக்கம் போகும்,
படிக்கட்டில் ஏறி நிற்கும் கடற்சிங்கங்களுக்கு.
எந்தப் பாடத்திலும் தோற்காத கொழுப்போடு
அவை ஆற்றைப் பார்த்துக் குரைக்கும்.

போன வருடம் நினோஸ்காவும் நானும்
ஒரே மேசை. ஒரு அழிப்பானை
பிளேடால் இரண்டாக வெட்டிக்கொண்டோம்.
அவளுக்கு 4.1.
இப்போது அடுத்த பாடத்தில், இரட்டைத் தொகைகளில் இருக்கிறாள்.
தேஹா தீவுப் பாலத்தில் எதிரே வந்தால்
நனைந்த தொப்பியை இழுத்துவிட்டபடி
"எப்படிப் போகிறது?" என்பாள்.
"போகிறது" என்பேன்.
அவள் கேட்டதிலும் தப்பில்லை, நான் சொன்னதிலும்.

தேசிய விழாவின் கொடிகள்
நனைந்து தொங்கிக்கொண்டிருந்த வாரம், ஓர் இரவு.
விறகு ஈரம். அடுப்பு புகைந்தது, எரியவில்லை.
இ-யின் எக்ஸ் அடுக்கு, பெருக்கல் சைன் எக்ஸ்.
டிசம்பர் தேர்விலும் இதே கணக்குதான்.
பகுதித் தொகையிடல்:
ஒன்றை வகையிடு, மற்றதைத் தொகையிடு.
சைன் கோசைன் ஆனது.
இ அசையவில்லை. அது எதற்கும் அசையாது,
வகையிட்டாலும் அதே, தொகையிட்டாலும் அதே,
வாடகை விஷயத்தில் வீட்டுக்கார அம்மா மாதிரி.
இன்னொரு தடவை. கோசைன் மீண்டும் சைன்.
எங்கே புறப்பட்டேனோ அங்கேயே நிற்கிறேன்.

அன்று இந்த வரியில்தான் வியர்த்தது.
சுற்றிவிட்டு வந்த இடத்துக்கே வந்துவிட்டோம்,
எங்கோ பிழை என்று
அரைப்பக்கத்தையும் குறுக்கே அடித்துக் கொடுத்தேன்.
அடித்த கோட்டுக்குக் கீழே
எல்லாம் சரியாக இருந்தது.
பிறகு தாளைக் காட்டினார்கள், பார்த்தேன்,
அப்போதும் தெரியவில்லை.

இந்த முறை அழிக்கவில்லை.
துணிச்சல் ஒன்றுமில்லை,
பாதி அழிப்பான் மேசைக்கடியில் உருண்டுவிட்டது,
குனிய விடாத குளிர்.
சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
திரும்பி வந்தது அதேதான்.
ஆனால் முன்னால் ஒரு கழித்தல் குறி.
போகும்போது இல்லாதது.

சமக்குறியைத் தாண்டி
இந்தப் பக்கம் கொண்டுவந்தேன்.
ஒன்று இரண்டானது.
இரண்டால் வகுத்தேன்.
அவ்வளவுதான்.

கத்த வேண்டும் போலிருந்தது.
சுவரோ மெல்லிய பலகை, அந்தப் பக்கம்
செவிலியர் படிப்புப் பையன்
தூக்கத்தில் இருமினான்.
அடுப்பைக் கிளறினேன். புகைதான்.

தொகையிடல் மாறிலியை எழுதாமல் விட்டது
காலையில் தராசின் முன்னால்தான் உறைத்தது.
"எண்ணூறு கிராம்" என்றேன்.
பிறகு, யாரையும் பார்க்காமல்,
"கூட்டல் ஏதோ ஒன்று."
எலியேசர் கத்தியை நிறுத்தினார்.
ரப்பர் பூட்ஸ் போட்ட அந்தப் பெண்மணி
பணப்பையைத் திறந்தபடியே கேட்டாள்,
அந்த ஏதோ ஒன்று என்ன விலை என்று.